என்ற மக கொண்டுபோன கார்

உக்காருங்க தம்பி, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கங்க. மேல ஒரு பேப்பரை விரிச்சுட்டு உக்காருங்க, இல்லாட்டி எண்ணெய் பேன்ட்டுல ஒட்டிக்கும். கரண்ட் போயிருச்சு, எப்ப வரும்னு சொல்ல முடியாது. உங்க ஷாப்டைப் பார்த்தேன், ஒண்ணும் பெரிய வேலை இல்லீங்க. தேஞ்ச எடத்துல வெல்டு வச்சு ஏத்தி, லேத்துல மாட்டிக் கடைஞ்சு எடுத்தாப் போதும். இருந்து வாங்கிட்டே போயிருங்க.

எந்தக் காலேஜுன்னு சொன்னீங்க?

ஓஹோ.

தேவசகாயம் சார்தான் அனுப்பிச்சாருங்களா. கணபதி ஏரியாவுல வி.ஜி. லேத்துன்னு விசாரிச்சுப் போ, வேலை சுத்தமா இருக்கும்னு அவரே சொன்னாருங்களா. பாருங்க தம்பி, இதுக்குச் சிரிக்கறதா என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. உங்க சாரு என்ற வேலையை எங்க பார்த்தாருன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாதா. சரி விடுங்க.

இல்ல, விட முடியாதுங்க. நீங்களே வந்து உக்காந்துட்டீங்க, கரண்டும் இல்ல, சொல்லித்தான் ஆகோணும். உங்க சாருனாலதான் என்ற மகளை ஸ்கூல்ல சயின்ஸ் கிளப்புல இருந்து நிறுத்தி வச்சிருக்கறாங்க. அது ஒண்ணு. இன்னொண்ணு, அவ இந்தப் பட்டறைப் பக்கமே இப்ப வர்றதில்ல. இப்ப நீங்க உக்காந்திருக்கற ஸ்டூல் அவளுதுதான். ஸ்கூல் விட்டா நேரா இங்கதான் வருவா. வீட்டுல டிவி ஓடினா என்னால படிக்க முடியலைம்பா, இங்க லேத்து கர்ருன்னு ஓடறப்ப உக்காந்து கணக்குப் போடுவா. என்ற ஊட்டுக்காரி சுகந்தி சொல்லுவா, உங்க மகளுக்குச் சத்தமே ஆகாதுங்கறா, அப்பன் பண்ற சத்தம் மட்டும் சத்தமில்ல போல இருக்குதுன்னு. அப்படி இருந்த புள்ள தம்பி. இப்பக் கூப்பிட்டாலும் ஹோம்வொர்க் இருக்குதுங்கப்பான்னு வீட்டுக்குப் போயிர்றா. மொகத்துல கோபம் ஒண்ணும் இல்ல. கோபம் இருந்தாக்கூடப் பரவால்லைங்க, சமாதானம் பண்ணிக்கலாம்.

நீங்க சாருகிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும். அவரு ஸ்கூலுக்கு ஒரு போன் போட்டு, புள்ளைங்க மேல தப்பில்லைன்னு சொன்னாப் போதும், ஹெச்.எம். அம்மா சேர்த்துக்குவாங்க. அவங்களே அப்படித்தான் சொன்னாங்க. என்ன நடந்துச்சுன்னு முழுசாக் கேட்டுக்கங்க, கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க.

என்ற மக பேரு சம்யுக்தா. ஒம்போதாவது படிக்கறா. அவ கூட்டாளி ஒருத்தி, ஜெனி, அந்தப் புள்ளையும் இதே தெருவுதான். ரெண்டு பேரையும் சேர்த்து ஸ்கூல்ல போட்டிக்குப் பேரு குடுத்துட்டாங்க. உங்க காலேஜுல நடந்துச்சே, மாவட்டப் போட்டி, அதேதான். ரப்பர் பேண்டுல ஓடற கார். மோட்டார் கூடாது, பேட்டரி கூடாது. வீட்டுல தூக்கிப் போடற சாமானத்துல செய்யோணும், புள்ளைங்களே செய்யோணும். எது எச்சா தூரம் போகுதோ அதுக்குப் பரிசு, அப்பறம் சென்னையில மாநிலப் போட்டி. இவளுக்குச் சென்னை போகோணும்னு அப்படி ஒரு ஆசை. நான் கடல் பார்த்ததில்லீங்கப்பா, ஜெயிச்சா மிஸ் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாங்கன்னு ஒரே பேச்சு.

ரெண்டும் வீட்டுல உக்காந்து ஒண்ணு செஞ்சுதுங்க. மிக்சி வந்த அட்டைப்பெட்டியை வெட்டி ஒடம்பு, தண்ணி பாட்டில் மூடி நாலு சக்கரம், ஊதுபத்திக் குச்சி அச்சு. பேனா ரீபிள் குழாய்க்குள்ள குச்சியை விட்டு அச்சு சுத்தற மாதிரி பண்ணியிருந்தாங்க. ரப்பர் பேண்டை அச்சுல சுத்தி விட்டாப் போகும். போகும்னா, நேராப் போகாது. எங்க விட்டாலும் எடது பக்கமாத் திரும்பி ஃப்ரிட்ஜுல போய் முட்டும். அதுக்குப் பசிக்குதுடின்னு சொல்லி ரெண்டும் விழுந்து விழுந்து சிரிக்குதுங்க. பசி வண்டின்னு பேரே வச்சுட்டாங்க.

நான் சிரிக்கலைங்க. சிரிச்சேன்னு என்ற ஊட்டுக்காரி சொல்லுவா. லேசாத்தான். அதுக்குச் சம்யு சொன்னா, மூடியில ஓட்டை நடுவுல விழலைங்கப்பா, அதான் ஆடுது, நூல் வச்சு நடுவைக் கண்டுபிடிச்சு மறுபடியும் போடறோம்னு. நூல் வச்சு. நான் கேட்டேன், உங்கப்பன் என்ன தொழில் பண்றான் அம்மிணி, நூல் வச்சு நடுவு கண்டுபிடிக்கறதுக்கான்னு.

நீங்களே சொல்லுங்க. லேத்துப் பட்டறைக்காரன் மக பாட்டில் மூடியில சக்கரம் வச்சுக் கொண்டுபோனா பார்க்கறவன் என்ன சொல்லுவான்? இந்த ஊர்ல எத்தனை பட்டறைக்காரன் புள்ளைங்க அதே ஸ்கூல்ல படிக்குதுங்க. இவங்கப்பனுக்கு நாலு சக்கரம் கடைஞ்சு குடுக்கத் துப்பில்லையான்னு கேப்பானா மாட்டானா? எனக்கு நெனச்சாலே ஒரு மாதிரி கூசிச்சுங்க. இத்தனை வருஷமா நான் எடுத்த பேரு என்னாகறது.

அச்சு மட்டும் மாத்தித் தர்றேன்னுதான் எடுத்துட்டு வந்தேன், சத்தியமா. ஊதுபத்திக் குச்சி வளையுது, அதுக்கு ஒரு மெல்லிசுக் கம்பி போட்டுத் தரலாம்னு. கம்பியைப் போட்டதும் மூடி அதுல நிக்கல. சரி, சக்கரத்தை மட்டும் கடைஞ்சரலாம்னு அலுமினிய ராடு துண்டு ஒண்ணை எடுத்தேன். சக்கரம் வந்ததும் அட்டை தாங்கல. ஒடம்புக்குத் தகடு வெட்டினேன். தகடு போட்டதுக்கப்பறம் ரீபிள் குழாய் என்னத்துக்கு, பழைய மெஷின்ல கழட்டின சின்ன பேரிங் கெடந்துச்சு, அதைப் போட்டேன். சக்கரத்துல வட்டமா ஓட்டை போட்டு எடையைக் கொறச்சு, சைக்கிள் டியூபை வளையமா வெட்டி மேல மாட்டி, ஒரு சுத்து சுத்தி விட்டேன் பாருங்க. நிக்கவே மாட்டேங்குது தம்பி. கையில புடிச்சுக்கிட்டுப் பார்த்துட்டே இருந்தேன். வந்த பார்ட்டியெல்லாம் காத்துட்டு நின்னாங்க, இருங்கன்னுட்டேன்.

சம்யு வந்து பார்த்தா. எங்க காரு எங்கீங்கப்பான்னா. இதுதான்னேன். அவ அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. அச்சு மட்டும் போதும்னு சொன்னனேங்கப்பான்னா. இரு கண்ணு, ஓட விட்டுப் பாருன்னேன். ஓட்டினா. அந்தக் கடைசி வரைக்கும் போச்சுங்க, நூல் புடிச்ச மாதிரி. நல்லாப் போகுதுங்கப்பான்னா. அப்பறம் மெதுவா, எனக்குச் சொல்லிக் குடுங்கப்பா, நானே ஒரு சக்கரமாச்சும் கடையறேன்னு கேட்டா. லேத்து வெளையாட்டு இல்ல, தலைமுடி சிக்குச்சுன்னா அவ்வளவுதான், பொம்பளைப் புள்ள பக்கத்துல வரக் கூடாதுன்னுட்டேன். பாதுகாப்புக்குத்தானுங்க சொன்னேன். தப்பா?

பழசு என்னாச்சுங்களா? அந்த அட்டைதானே. பெஞ்சைக் கூட்டறப்ப பிசிறோட பிசிறாப் போயிருச்சு.

முடிச்சதும் எழுத்துப் பொறிக்கற இரும்பு பஞ்ச்சை எடுத்து, சக்கரத்து உள்பக்கம் சுத்தியல்ல வி.ஜி.ன்னு ஒரு தட்டு. வெள்ளிங்கிரி, அதான் வி.ஜி. எங்களுக்கெல்லாம் அது பழக்கமுங்க தம்பி. பட்டறையை விட்டு எந்த வேலை வெளிய போனாலும் முத்திரை அடிச்சுத்தான் போகும். நாளைக்கு ஒரு பேச்சு வந்தா இது என் வேலை, இது என் வேலை இல்லைன்னு சொல்லோணும்ல. நாலு சக்கரத்துலயும் அடிச்சேன். ஒண்ணுல கொஞ்சம் கோணலா விழுந்துருச்சுன்னு அந்தச் சக்கரத்தை மறுபடியும் கடைஞ்சு மறுபடியும் அடிச்சேன். புள்ளைங்க காருக்கு எதுக்கு முத்திரைன்னு கேக்கறீங்க. பழக்கம்னு சொன்னேனுங்களே.

போட்டி அன்னிக்கு நான் போகலைங்க. போகோணும்னுதான் இருந்தேன், ஒரு பம்ப் ஷாப்ட் அவசரம்னு வந்துருச்சு. அதனால நான் சொல்றதெல்லாம் ஜெனி வந்து சொன்னதுதான். அந்தப் புள்ள அப்படியே நடிச்சுக் காட்டும்.

பெரிய ஹாலாமா. தரையில சாக்பீஸ்ல கோடு போட்டு, டேப் வச்சு அளந்துட்டு இருந்தாங்களாமா. வேற ஸ்கூல் புள்ளைங்க எல்லாம் அட்டைதான், தெர்மாகோல்தான், ஒருத்தன் சிடி தட்டைச் சக்கரமா வச்சிருந்தான். கடகடன்னு ஆடிக்கிட்டுப் போகுது, பாதியில படுத்துக்குது. நம்ம புள்ளைங்க பேரைக் கூப்பிட்டாங்க. சம்யு குனிஞ்சு ரப்பரைச் சுத்தி விட்டா. சத்தமே இல்லீங்க. பேரிங் ஓடறதே காதுல விழுகல. கோடெல்லாம் தாண்டி, அளக்க வச்ச டேப்பெல்லாம் தாண்டிப் போய், அந்தக் கடைசிச் செவுத்துல முட்டுச்சு பாருங்க, டிங்னு. அலுமினியம் சத்தம் தனி. ஹாலே கை தட்டுச்சு. முன்னாடி உக்காந்திருந்த பெரியவரு ஒருத்தரு எந்திரிச்சு நின்னே தட்டினாரு. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு.

ஜெனி சொல்றப்பவே எனக்கு அப்படி ஆச்சுன்னு சொல்ல வந்தேன்.

அங்கதான் உங்க சாரு வந்தாரு. காரைக் கையில எடுத்தாரு. தலைகீழாத் திருப்பினாரு. ஒரு சக்கரத்தை வெரல்ல தட்டி விட்டு அது சுத்தறதையே பார்த்துட்டு இருந்தாரு. எத்தனை நேரம் பார்ப்பாருங்க ஒரு மனுசன். அப்பறம் இதை யாரும்மா செஞ்சதுன்னு கேட்டாரு. நாங்கதான் சார்னா சம்யு. எதுல செஞ்சீங்க? லேத்துல சார். லேத்துல என்ன டூல் போட்டீங்க? டர்னிங் டூல் சார், ஓட்டைக்கு ட்ரில் சார்னா. கரெக்டுங்க. எப்படிச் சொன்னா பார்த்தீங்களா. இந்த ஸ்டூல்ல உக்காந்து பார்த்ததுதான், நான் ஒரு நாளும் சொல்லிக் குடுத்ததில்ல. அவரு விட்டிருக்கலாம்ல அதோட? விடல. என்ன வேகத்துல ஓட்டினீங்கன்னாரு. அதுக்கு அவளுக்குத் தெரியல. ஜெனி அழ ஆரம்பிச்சுருச்சு. இவ அழல. தெரியல சார்னா.

அப்பறம் சக்கரத்தோட உள்பக்கத்தைக் காட்டி, இந்த வி.ஜி. யாரும்மான்னாரு. மைக்கு பக்கத்துலயே இருந்துச்சுங்க, ஹாலுக்கே கேக்குது. எங்கப்பா சார்னா. அப்பா வந்திருக்காராம்மா, வந்திருந்தாக் கொஞ்சம் கூப்பிடு, நான் உங்கிட்டக் கேக்கறது நியாயமில்ல, அவர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிக்கறேன்னாரு. அவ திரும்பி ஒருக்கா ஹாலைப் பார்த்தா. வரலைங்க சார்னா.

அவ்வளவுதான். சரிம்மா, போய் உக்காருங்கன்னு காரை அவ கையில குடுத்துட்டாரு. வேலைத் தரத்துல முதல்ல இருக்குது, ஆனா போட்டியில சேர்க்க முடியாதுன்னு மைக்குல சொன்னாரு. இவ காரை நெஞ்சோட அணைச்சுப் புடிச்சுக்கிட்டு அந்த நீளமான ஹாலைத் தாண்டி நடந்து போனா. எல்லாப் புள்ளைங்களும் பார்க்குது. நல்லா நிமிந்துதான் நடந்தா.

பாருங்க, நான் கேக்கறேன். ரூல்ஸ்ல கழிவுப் பொருள்னுதானே இருக்குது? ராடு துண்டு கழிவு இல்லையா? அது பட்டறைக் கழிவு, பேரிங் பழைய மெஷின்ல கழட்டினது. எதுவும் புதுசு இல்ல. எந்த அப்பன் புள்ளைக்குச் செஞ்சு குடுக்கல? அந்த சிடி தட்டுக் காரை அந்தப் பையன் தனியாவா செஞ்சான்? அவங்கப்பன் முத்திரை அடிக்கல, நான் அடிச்சேன், அவ்வளவுதானே வித்தியாசம். கேக்க வேண்டியதைத் தனியாக் கூப்பிட்டுக் கேக்கலாம். பச்சப்புள்ளையை ஊரு முன்னாடி நிக்க வச்சு, உங்கப்பன் எங்கன்னு கேக்கறதா? அன்னியில இருந்து எனக்கு இந்தத் தெருவுல தலை நிமிந்து நடக்க முடியல. டீ குடிக்கப் போனா, என்ன வெள்ளிங்கிரி, ரேஸ் கார் செய்யறயாமான்னு கேக்கறான். மானமே போயிருச்சு தம்பி.

அப்பறம் ஹெச்.எம். அம்மா கூப்பிட்டு விட்டாங்க. இந்தத் தடவை நான் போனேன். சம்யுவையும் வரச் சொல்லியிருந்தாங்க. ஸ்கூல் பேரு கெட்டுப் போச்சு, ரெண்டு பேரையும் இந்த வருஷம் கிளப்புல இருந்து நிறுத்தறோம்னாங்க. நாங்கதான் செஞ்சோம்னு மேடையில பொய் சொல்லியிருக்காங்க, அதுதான் எங்களுக்கு வருத்தம்னாங்க. அப்பறம் என்னைப் பார்த்து, நீங்க அன்னிக்கு அங்க இருந்திருந்தா அந்த சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்கன்னாங்க. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள சம்யுவே சொல்லிட்டா, அப்பாவுக்கு வேலைங்க மிஸ், வந்திருந்தா சொல்லியிருப்பாங்கன்னு. நானும் ஆமாங்கன்னு தலையாட்டினேன். வேற என்ன பண்றது.

பொய் சொன்னது தப்புதானுங்க, நான் இல்லைங்கல. எங்க வீட்டுல பொய் சொல்ற பழக்கமே கெடையாது. நாங்கதான் செஞ்சோம்னு அவ எதுக்குச் சொல்லோணும்? எங்கப்பா செஞ்சாருன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? யாரைக் காப்பாத்தறதுக்கு? எனக்கு அதுதான் இன்னும் பிடிபடல.

அதனால நீங்க சாருகிட்டச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். புள்ளைங்க அறியாம பேசிட்டாங்க, அப்பன்காரன் ஊருல இல்ல, வேற ஒண்ணும் பெருசா எடுத்துக்க வேண்டாம், ஸ்கூலுக்கு ஒரு போன் மட்டும்னு. உங்க ஷாப்டை நான் பிரமாதமாப் பண்ணித் தர்றேன்.

என்ன தம்பி, ஏன் ஒரு மாதிரி பார்க்கறீங்க?

சொல்லுங்க. ஒண்ணுமில்லைன்னு சொல்லாதீங்க, ஏதோ இருக்குது.

நீங்களா?

டேப் புடிச்சு அளந்துட்டு இருந்தது நீங்களா. சரி. அங்க நெறையப் பேரு இருந்தாங்க, நீங்களும் இருந்திருப்பீங்க. அதுக்கென்ன. நான் ஜெனி சொன்னதைத்தான் சொன்னேன், எங்கயாச்சும் முன்னப் பின்ன இருந்தா...

யாரு? வெள்ளைச் சட்டையா?

தண்ணிக் கேன் பக்கத்துல நின்ன ஆளா.

அது நீங்கதானா தம்பி. கப்பு வேணுங்களான்னு எனக்கு எடுத்துக் குடுத்தது. நான் உங்க மூஞ்சியைக்கூடப் பார்க்கல பாருங்க. பேனர் ஓரமா நின்னுட்டு இருந்தேன். ஸ்டூல்ல வந்து உக்காந்தப்பவே உங்களுக்குத் தெரிஞ்சுருச்சா? தெரிஞ்சுக்கிட்டே இத்தனையும் கேட்டுட்டு இருந்தீங்களா. நல்ல மனுசன் நீங்க, நடுவுல நிறுத்தியிருக்கலாம்.

ஆமாங்க. நான்தான். பம்ப் ஷாப்ட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. பட்டறையைச் சாத்திட்டு, வெள்ளைச் சட்டையைத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு, ரெண்டு பஸ் மாறி வந்தேன். சம்யுகிட்டச் சொல்லல. காரு ஜெயிச்சதும் முன்னாடி போய் நிக்கலாம்னு ஆசை. எல்லாரும் கை தட்டினப்ப, இது என் வேலைன்னு பக்கத்துல நின்னவருகிட்டச் சொல்லக்கூட வாயெடுத்தேன். சொல்லியிருந்தா ஒருவேளை அப்பறம் ஒளிஞ்சிருக்க முடியாது. சாரு காரைத் திருப்பினதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. அப்படியே பேனர் ஓரமா ஒதுங்கிட்டேன். படிச்சவங்க, அத்தனை வாத்தியாருங்க, மைக்கு. நான் போய் அங்க என்னன்னு பேசறது? அவரு என்னைக் கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்? அவ பதில் சொல்லிட்டு நிக்கறா. பதினாலு வயசுப் புள்ள. இப்பச் சொல்லிரலாம், இப்பச் சொல்லிரலாம்னு நெனச்சுட்டே தண்ணியைக் குடிச்சேன். கப்புல தண்ணி தீந்தும் குடிச்சுட்டே நின்னேனுங்க.

நாங்கதான் செஞ்சோம்னு அவ சொன்னதைக்கூட நான் அப்பத் தப்பா நெனைக்கல. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. இதை நான் யாருகிட்டச் சொல்றது.

தம்பி, ஒண்ணு கேக்கறேன். நீங்க டேப்போட அவ பக்கத்துலதான நின்னீங்க. அவ ஹாலைத் திரும்பிப் பார்த்தாள்ல, சாரு அப்பா வந்திருக்காரான்னு கேட்டப்ப. பார்த்துட்டு வரலைன்னு சொன்னா. என்னை அவ கண்டிருக்க மாட்டாதானே? பேனர் இருந்துச்சு. கப்பை நான் இப்படி மொகத்தோட வச்சிருந்தேன். அத்தனை கூட்டத்துல ஒரு ஆளை எப்படிக் கண்டுபிடிக்க முடியும். அந்த ஒரு நம்பிக்கையிலதான் நான் இத்தனை நாளா வீட்டுக்குள்ள நடமாடறேன். நீங்க உள்ளதைச் சொல்லுங்க. எனக்கு ஆறுதலா இருக்கோணும்னு ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

என்னை நேராவா.

நின்னு பார்த்தாளா. நீங்களும் அவ பார்த்த பக்கம் திரும்பிப் பார்த்தீங்களா. அப்பறம்தான் வரலைன்னு சொன்னாளா.

கொஞ்சம் இருங்க தம்பி. ஒண்ணுமில்ல. இந்த மரப்பெட்டி மேல உக்காந்துக்கறேன்.

அன்னிக்கு அவளுக்கு முன்னாடி நான் வீட்டுக்கு ஓடியாந்துட்டேன். வெள்ளைச் சட்டையைக் கழட்டி மடிச்சு உள்ள வச்சுட்டு, பட்டறைச் சட்டையை மாட்டிக்கிட்டேன். சுகந்தி பார்த்துட்டுத்தான் இருந்தா, சட்டையைத் தேய்ச்சுக் குடுத்தவளே அவதான். அதோட விட்டனா? நம்பறதுக்காகக் கையில கிரீஸ் எடுத்துப் பூசிக்கிட்டேனுங்க. வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, வேலை செய்யாத கையில, கிரீஸ். அவ வந்தா. அப்பா வரோணும்னுதான் கண்ணு இருந்தேன், அவசர வேலை வந்துருச்சு, இப்பத்தான் முடிச்சேன்னு கையைக் காட்டினேன். அவ கையைப் பார்த்தா. என்ற மூஞ்சியைப் பார்க்கல. உள்ள போய் சோப்பு எடுத்துட்டு வந்து, சொம்புல தண்ணி ஊத்தினா. நல்லாத் தேய்ங்கப்பா, நகத்துக்குள்ள போயிருக்குதுன்னு சொல்லி, முழுசாப் போற வரைக்கும் ஊத்திட்டு நின்னா.

நம்பிட்டான்னு நெனச்சேன் தம்பி. அந்தச் சந்தோசத்துல அன்னிக்கு எச்சாவே சாப்பிட்டேன். எதுத்தாப்புல உக்காந்து அவதான் சாதம் போட்டா.

சாருகிட்ட நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாங்க. போனும் வேண்டாம். அவரையும் ஹெச்.எம். அம்மாவையும் நானே போய்ப் பார்க்கறேன், அது நாளைக்கு. இப்ப ஸ்கூல் விடற நேரம். நான் போய் ஸ்கூல் கேட்டுக்கு முன்னாடி அவளுக்காக நிக்கறேன். ஷாப்டை வச்சுட்டுப் போங்க, பண்ணி வைக்கறேன். கூட வர்றேன்னு மட்டும் சொல்லாதீங்க தம்பி. பக்கத்துல ஆள் இருந்தா எனக்குப் பேச்சு மாறிருது.